நரியை வரவழைக்கும் குரல்

ஊனுண்ணி விலங்கை வேட்டையாட இரண்டு வழி உண்டு. அது இருக்கும் இடம் தேடிப் போவது ஒன்று. ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு அதைத் தன்னிடம் வரவழைப்பது மற்றொன்று. நரியிடமும் அதன் அமெரிக்க உறவான கயோட்டியிடமும் முதல் வழி பெரும்பாலும் பலிப்பதில்லை. மனிதனின் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அவை அவனுடைய காலடியைக் கேட்டிருக்கும், வியர்வையை முகர்ந்திருக்கும். அதனால் இந்த இரண்டு விலங்கையும் பிடித்துப் பழகிய வேட்டைக்காரர்கள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே முடிவுக்கு வந்தார்கள்: குரல் கொடுத்துக் கூப்பிடுவது. டெக்சஸ் மேய்ச்சல் நிலத்திலும் தமிழ்நாட்டின் முட்காட்டிலும் இந்தக் கலை தனித்தனியே வளர்ந்தது. ஒன்று இன்று பெரிய வணிகம். மற்றொன்று சட்டத்தால் நின்றுபோன தொழில்.

இரண்டு விலங்கும் நாய்ப் பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் குரோமோசோம்கள் 78. நரிக்கு (கேனிஸ் ஆரியஸ்) 1758ல் லின்னேயஸும், கயோட்டிக்கு (கேனிஸ் லேட்ரன்ஸ்) 1823ல் தாமஸ் சேயும் அறிவியல் பெயர் சூட்டினார்கள். நம் நரி பெரும்பாலும் 7 முதல் 11 கிலோ எடை. கயோட்டி சற்றே பெரியது. வடக்குப் பகுதிகளில் நரியைப்போல் இரண்டு மடங்கு எடையும் எட்டும். ஆணும் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் இணை பிரியாமல் வாழ்வது, எல்லை வகுத்துக் காப்பது, முந்தைய ஈற்றுக் குட்டிகள் தங்கி அடுத்த ஈற்றை வளர்க்க உதவுவது, எலியிலிருந்து இலந்தைப் பழம்வரை கிடைத்ததைத் தின்பது என எல்லாம் இரண்டுக்கும் பொது. தமிழில் நரி என்ற பெயரில் இன்னொரு சிறு விலங்கும் உண்டு. அது சேலம் பக்கம் வங்காநரி எனப்படும் வங்காள நரி, வேறு பேரினம். இங்கே நரி என்பது ஊளையிடும் நரியையே குறிக்கும்.

அமெரிக்காவில் கயோட்டியை அழைத்து வேட்டையாடும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலானது. டெக்சஸின் மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்ன்ஹாம் சகோதரர்கள் ஊதுகுழல்களைச் செய்து விற்றார்கள். வேக்கோ நகரின் ஜானி ஸ்டூவர்ட் உயிருள்ள விலங்குகளின் அலறலையே பதிவுசெய்து இசைத்தட்டாக்கி விற்றார். இன்று ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கி, அதன் மேல் ஆடும் போலி வால் என்று கடைகள் நிரம்பிவிட்டன. ஆட்டு மந்தைகளைக் காப்பதற்காகத் தொடங்கியது, பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்காக முடிந்தது. பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு முழுவதும் கயோட்டியைச் சுடலாம். பரிசுத் தொகை வைத்துக் கயோட்டியைக் கொல்லும் போட்டிகளை 2014ல் கலிஃபோர்னியா தடைசெய்தது. அந்த வகையில் அதுவே முதல் மாநிலம்.

அங்கே புதிதாகப் பழகுபவர் கையில் முதலில் எடுப்பது வாயால் ஊதும் குழல். நாகசுரத்துச் சீவாளியைப் போல, அதிலும் மெல்லிய நாக்கு ஒன்று அதிர்ந்துதான் ஒலி எழுகிறது. நாக்கு குழலுக்குள் மூடப்பட்ட வகையில் ஒரே விதமான அலறல்தான் வரும், பழக எளிது. நாக்கு வெளியே தெரியும் வகையில் உதட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, முயல், மான்குட்டி, பறவை, ஊளை என்று பல குரல் எடுக்கலாம், கைவர நாளாகும். குரல் எவ்வளவு அச்சு அசலாக இருக்கிறது என்பதைப் பற்றித் தொடக்கத்தில் எல்லோரும் கவலைப்படுவார்கள். அது பெரிய விஷயமே இல்லை. இசைக்கருவி போன்ற சுத்தமான சுரத்தைவிட, பிசிறும் நடுக்கமுமாகக் கரகரத்து உடையும் ஒலிக்குத்தான் விலங்கு திரும்புகிறது. உயிருக்குப் போராடும் முயலின் அலறல் அப்படித்தான் இருக்கும். குரல்நாண்கள் தாங்கும் எல்லைக்கு மேல் காற்று தள்ளப்படும்போது அவற்றின் அதிர்வு ஒழுங்கு குலைந்து, ஒலியில் இரைச்சல் கலக்கிறது.

முயல் ஏன் அப்படி அலற வேண்டும் என்ற கேள்வி உயிரியலில் சுவையானது. வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய ஊமையாகவே இருக்கும் விலங்கு, பிடிபட்ட பிறகு கத்துவதால் என்ன பயன்? கூட்டத்துக்கு எச்சரிக்கை என்றால், நம் காட்டு முயல் கூட்டமாக வாழ்வதில்லை. சுவீடனைச் சேர்ந்த யோரான் ஹோக்ஸ்டெட் 1983ல் ஒரு விளக்கம் சொன்னார். அலறல், வேறு ஊனுண்ணிகளை அந்த இடத்துக்கு இழுக்கிறது. வந்தது பிடித்துவைத்திருக்கும் விலங்கோடு மல்லுக்கு நிற்கும். அந்தக் குழப்பத்தில் இரை தப்பிக்கச் சிறு வாய்ப்பு உண்டு. சாவது உறுதி என்ற நிலையில் அந்தச் சிறு வாய்ப்பும் பெரிதுதான். இந்த விளக்கம் எல்லா விலங்குக்கும் பொருந்துமா என்பது தனி விவாதம். ஆனால் அலறலைக் கேட்ட ஊனுண்ணி ஓடிவரும் என்ற அதன் அடிப்படை, ஒவ்வொரு முறை குழல் ஊதப்படும்போதும் மெய்ப்பிக்கப்படுகிறது. இன்னொரு விலங்கு பிடித்த இரையைப் பறித்துக்கொள்வது நரிக்கு உழைப்பில்லாத சாப்பாடு.

ஓடிவரும் விலங்கு ஒலி பிறந்த புள்ளிக்கு வியக்கத்தக்க துல்லியத்துடன் வந்து சேரும். அதன் இரு காதுகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சாண்கூட இல்லை. நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வரும் ஒலி, 12 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே எடுக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட அவ்வளவு முன்னதாகத் தொடுகிறது. அந்த நேர வேறுபாட்டையும், தலை மறைப்பதால் ஏற்படும் உரப்பு வேறுபாட்டையும் வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. போதாததற்குக் காதுமடல்களைத் தனித்தனியே திருப்பவும் அதனால் முடியும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு நின்றுவிடுகிறது. நாயின் காது சுமார் 45 கிலோஹெர்ட்ஸ்வரை கேட்கும். சருகுக்கு அடியில் எலி கீச்சிடுவது அந்த உயர் எல்லையில்தான். நரி பக்கத்தில் வந்த பிறகு குழலை விட்டுவிட்டு உதட்டாலேயே எலிபோல் மெல்லக் கீச்சிடும் உத்தி இதையொட்டியது.

காதைவிட மூக்கு முக்கியம். புதிதாகப் பழகுபவர் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் குரல் அல்ல, காற்று. அலறல் கேட்டு வரும் நரி நேர்கோட்டில் பாய்ந்துவிடுவதில்லை. சற்றுத் தொலைவில் வேகத்தைக் குறைத்து, வளைந்து, ஒலி வந்த இடத்திலிருந்து காற்று தன் பக்கம் வீசும் நிலைக்கு வந்து நிற்கும். காது சொன்னதை மூக்கால் சரிபார்க்கும் வேலை அது. முயல் மணத்தோடு மனித மணமும் வந்தால் கதை அங்கேயே முடிந்தது. எனவே அழைப்பவர், காற்று தன் முகத்தில் வீசும்படி மட்டும் அமர்ந்தால் போதாது. தன் முதுகுப்புறத்திலும், அதாவது காற்று போகும் பக்கத்திலும், நரி மறைந்து வர முடியாத வெட்டவெளி இருக்கும்படி இடம் தேர வேண்டும்.

இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி சாலையில் இருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கடல் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கோடையில் காலை முழுக்க மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். பிற்பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். இரவு முதிர்ந்து நிலம் குளிர்ந்த பிறகு காற்று மறுபடி மேற்கிலிருந்து மெல்லத் திரும்பும். மாலையில் மேற்குப் புறத்திலிருந்து அணுகி முகர்ந்து பார்க்கும் நரி, விடியலுக்கு முன் கிழக்குப் புறத்திலிருந்து அணுகும். இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு சிட்டிகை விபூதியைக் காற்றில் தூவினால் தெரிந்துவிடும்.

விடியலுக்கு முன்னும் அந்தி சாயும்போதும் அழைப்பதற்கு விலங்கின் நடமாட்டம் மட்டும் காரணமல்ல, இயற்பியலும் காரணம். பகலில் தரையோரக் காற்று சூடாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வீணாகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேல் சற்றே வெதுவெதுப்பான அடுக்கு உட்கார்ந்துகொள்கிறது. அப்போது ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். அதிகாலையில் தாம்பரம் ரயில் நிலையத்து ஒலிபெருக்கி, பகலில் எட்டாத தெருக்களுக்கும் எட்டுவது இதனால்தான். உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று விரைவில் விழுங்கிவிடும் என்பதால் முயல் அலறல் சில நூறு மீட்டர்வரைதான் நன்றாகப் பயன்படும். தாழ்ந்து தொடங்கி நீண்டு எழும் ஊளையோ கிலோமீட்டர் கணக்கில் செல்லும்.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாய்க் குடும்பத்துக்கு இரண்டு வகைக் கூம்பு செல்களே உண்டு. சிவப்பைச் சரியாகப் பிரித்தறிய முடியாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இரவில் சிவப்பு விளக்கு வைத்திருப்பது அதற்காக. ஆனால் அசைவைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கண்ணுக்கு நிகரில்லை. கொசு கடித்தாலும் கை உயரக் கூடாது. அரை நிமிடம் குரல் கொடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் அமைதி காத்து, மறுபடி குரல் என்று கால் மணி, இருபது நிமிடம்வரை ஒரே இடத்தில் அசையாமல் இருக்க முடிந்தால் பாதிக் கலை வந்துவிட்டது. எதுவும் வரவில்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டும். அங்கேயே மேலும் உரக்க ஊதுவதில் பலனில்லை.

இரையின் அலறல் பசியைத் தொடுகிறது. இன்னொரு வகை அழைப்பு எல்லை உரிமையைத் தொடுகிறது. அதுதான் ஊளை. நரியின் ஊளை தாழ்வாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, இறுதியில் குறுங்குரல்களாகச் சிதறும். இணையில் ஒன்று தொடங்கினால் மற்றது சேரும், பிறகு வளர்ந்த குட்டிகள் சேரும், அடுத்த எல்லையில் உள்ள குடும்பம் பதில் சொல்லும். இதன் வேலை இரண்டு: குடும்பத்தைத் திரட்டுவது, இந்த இடத்துக்கு உரியவர் இருக்கிறார் என்று அயலாருக்கு அறிவிப்பது. குடும்பத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு சுரத்தில், சுரத்தை விரைவாக மாற்றி மாற்றி ஊளையிடுவதால் இரண்டு மூன்று நரி கத்தினாலும் பத்து நரிபோலக் கேட்கும். கயோட்டியும் இப்படித்தான். அதனால் ஊளையைக் கேட்டுத் தலைகளை எண்ணுவது ஏமாற்றத்தில் முடியும், குடும்பங்களை எண்ணலாம். புலி, சிறுத்தை நடமாடும் காடுகளில் இதற்கு முற்றிலும் வேறான, நெஞ்சை அறுக்கும் ஒற்றைக் கூச்சல் ஒன்றையும் நரி எழுப்பும். பெரிய விலங்கு அருகே இருப்பதன் அடையாளமாகக் காட்டுவாசிகள் அதைக் கொள்வார்கள். தொலைவில் போகும் ஆம்புலன்ஸ் சைரனுக்கும் நரி பதில் ஊளையிடும். நீண்டு ஏறி இறங்கும் அந்த ஒலியில் அயல் குடும்பத்தின் அறிவிப்பை அது கேட்கிறது போலும்.

இந்தியாவில் நரிகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் இணைசேரும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டி ஈனும். இணைசேரும் காலத்தில் அயலான் ஊளைக்குப் பதில் சூடாக இருக்கும். குட்டி வளையில் இருக்கும்போது குட்டியின் குரலைப் போலிசெய்தால் தாயும் தந்தையும் அச்சத்தை மறந்து ஓடிவரும். பலன் நிச்சயமாகக் கிடைக்கும் அழைப்பு அதுதான். இருப்பதிலேயே இழிவானதும் அதுதான். வளையில் இருப்பவை பட்டினியில் சாகும்.

அழைப்புக்கு ஒரு குணம் உண்டு: அது தன்னையே தேய்த்துக்கொள்ளும். குழல் ஒலிக்கு வந்து, மனிதனைக் கண்டு, உயிர் தப்பிய விலங்கு அதை மறப்பதில்லை. அடுத்த முறை அதே ஒலி கேட்டால் எதிர்த் திசையில் நகரும். விளைவாக, அழைப்புக்கு எளிதில் மசிபவை அனுபவமில்லாத இளம் விலங்குகளே. தேர்ந்த மூத்த இணை தப்பி நின்று இனம் பெருக்கும். சுடுவதால் எண்ணிக்கை குறைவதும் இல்லை. டெக்சஸில் கயோட்டிகளை ஆராய்ந்து ஃபிரெடெரிக் நோல்டன் 1972ல் வெளியிட்ட கட்டுரை, கடுமையாக வேட்டையாடப்பட்ட பகுதிகளில் ஒரு ஈற்றுக்குப் பிறக்கும் குட்டிகள் அதிகமாவதைக் காட்டியது. தலைகள் குறைந்தால் உயிரோடு இருப்பவற்றுக்கு உணவு கூடும், இளம் பெண் விலங்குகளும் ஈனத் தொடங்கும். அமெரிக்க அரசின் வனவிலங்குச் சேவைத் துறை ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றுவருகிறது. அதே கயோட்டி, 1900க்குப் பிறகு மேற்குச் சமவெளிகளிலிருந்து கிளம்பி, வட அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவி, சிகாகோ நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் உரிமையாளர்கள் நரிக்குறவர்கள். வாக்ரிபோலி என்ற இந்தோ-ஆரிய மொழி பேசும் இவர்கள், மேற்கு இந்தியாவிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்தவர்கள். குருவிக்காரர் என்ற பெயரில் இவர்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியான தன் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதியில் எழுதியிருக்கிறார். நரி வேட்டையாடுவதையும், அதன் இறைச்சியை உண்பதையும், தோலில் பை செய்வதையும் அவர் குறித்துவைத்தார். கருவி எதுவும் இல்லாமல் வாயாலேயே நரிபோலக் குரல் கொடுத்து, வந்த நரியை வலையில் சிக்கவைப்பது இவர்கள் கைமுறை. கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைப்பதிலும் பறவைக் குரல் எடுப்பதிலும் இதே தேர்ச்சி. பள்ளிக்கூடமோ கையேடோ இல்லாமல், தந்தையோடு போன பிள்ளை காதால் கேட்டுக் கற்ற வித்தை. காற்று, நேரம், அசையாமை என்று மேலே சொன்ன எல்லாமே அதற்குள் அடக்கம்.

நரியின் மண்டையிலிருந்து எடுத்தது என்று சொல்லி விற்கப்பட்ட நரிக்கொம்பு இந்தத் தொழிலின் உபபொருள். எந்த நரிக்கும் கொம்பு முளைப்பதில்லை. எலும்பையும் தோலையும் சேர்த்துச் செய்த அந்தப் பொருள், நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் விலைபோனது. வாங்கியவர்களில் படித்தவர்கள் நிறையப் பேர். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் இதே நம்பிக்கை வங்காநரியைத் துரத்தியது. பொங்கலையொட்டி அதை வலைவைத்துப் பிடித்து, ஊர்வலம் நடத்தி, கோயில் முன் ஓடவிடும் வழக்கத்தை வனத்துறை வழக்கும் அபராதமும் போட்டுத் தடுத்துவருகிறது. வெள்ளைக்காரர்களின் நரி வேட்டை வேறு ரகம். இங்கிலாந்தின் செந்நரி இங்கே இல்லாத குறையைத் தீர்க்க, உதகையின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டை நாய்களை விட்டு நம் நரியைக் குதிரைமேல் துரத்தினார்கள். அதற்குக் குரலும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. அதன் 2022 திருத்தத்துக்குப் பின் நரி முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது: கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, வலை விரிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். ஆகவே கடல்கடந்த காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, இணையத்தில் ஒரு குழல் வாங்கிச் செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பும் இளைஞர் ஒரு விலங்கும் வராவிட்டாலும் சிக்கலில் மாட்டலாம்.

சட்டம் சரியானதே. ஆனால் அது ஒரு சமூகத்தின் பிழைப்பைப் பறித்தபோது கையில் வேறொன்றைத் தரவில்லை என்பதும் உண்மை. நரிக்குறவர்கள் ஊசிமணி, பாசிமணிக்கு மாறினார்கள். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கக் கோரி நெடுங்காலம் போராடி, 2023 ஜனவரியில்தான் அந்தச் சட்டத் திருத்தம் கிடைத்தது. குரல் கொடுக்கத் தெரிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரம் நரிக்கு ஏற்ற நிலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று அடுத்தடுத்து ஏரிகள், அவற்றின் கீழே வயல், கரையில் பனை, வடக்கே நன்மங்கலம் காப்புக்காடு, தென்மேற்கே வண்டலூர்க் காடு. நரி வாழப் பெருங்காடு தேவையில்லை. வளை தோண்ட மேடான புதர், குடிக்கத் தண்ணீர், எலி நிறைந்த வயல் போதும். ஜார்ஜ் ஷாலர் 1960களில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாவில் ஆராய்ந்தபோது, நரியின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எலி, ஊர்வன, பழங்களாகவே இருந்தன. அதாவது உழவருக்கு அது எதிரியைவிடக் கூலி வாங்காத காவலாளி. தின்ற இலந்தையின் கொட்டையை வேறிடத்தில் போட்டு முட்காட்டை வளர்ப்பதும் அதன் வேலை.

வயல்கள் மனைகளானதும் எலி குறைந்துவிடவில்லை; நரிதான் போனது. ராஜகீழ்ப்பாக்கத்தை உள்ளடக்கிய செம்பாக்கம் நகராட்சி 2021ல் தாம்பரம் மாநகராட்சியில் கலந்தது. நிலத்தில் அந்த மாற்றம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. நரி போனதற்குச் சாலை ஒரு காரணம். தெருநாய் அதைவிடப் பெரிய காரணம். நாய் கூட்டமாக வந்து நரியை விரட்டும், அதன் குப்பைத்தொட்டி உணவைப் பிடுங்கும், டிஸ்டெம்பர் நோயையும் வெறிநோயையும் பரப்பும். சென்னைக்குள்ளே 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேலிக்குள் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவில் நரி இன்றும் வாழ்கிறது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் கோடியக்கரையிலும் அதன் ஊளையை நன்றாகவே கேட்கலாம்.

எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறது என்று அறிவதற்கு அழைப்பைவிட மலிவான கருவி இல்லை. ஐரோப்பாவில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். நரி அருகிப்போன கிரேக்கத்தில், 2000களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் அந்திக்குப் பின் குறிப்பிட்ட இடங்களில் நின்று பதிவுசெய்த ஊளையை ஒலிபெருக்கியில் அரை நிமிடம் போட்டார்கள், சில நிமிடம் காத்தார்கள், மறுபடி போட்டார்கள். பதில் வந்த திசையை வரைபடத்தில் குறித்து எத்தனை குடும்பம் என்று கணக்கிட்டார்கள். பிறகு பால்கன் நாடுகளிலிருந்து நரி வடக்கே பரவத் தொடங்கி, 2013ல் பால்டிக் கரையின் எஸ்டோனியாவில் உறுதிசெய்யப்பட்டபோது, அதன் பாதையைத் தொடரவும் இதே முறை கைகொடுத்தது. வேட்டைக்காரரின் விதிகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். காற்றடிக்கும் இரவில் செய்யக் கூடாது, நிற்கும் இடங்களுக்கு இடையே சில கிலோமீட்டர் இடைவெளி வேண்டும், ஒரே இடத்தில் அடிக்கடி செய்தால் விலங்கு பதில் சொல்வதை நிறுத்திவிடும். பதில் வராததற்கு நரி இல்லை என்று மட்டும் பொருளில்லை. தனித்த நரி எல்லைக்காரருக்கு அஞ்சி வாய்திறக்காமலும் இருக்கும். குட்டி வளர்க்கும் மாதங்களில் இதைத் தவிர்ப்பது நல்லது. இந்தியாவில் இப்படி ஒலிபரப்ப வனத்துறையின் அனுமதி பெற வேண்டும்.

இந்த வேலைக்கு ஒலிபெருக்கியைவிட நரிக்குறவர் குரல் மேலானதாக இருக்கும் என்று நம்ப இடமுண்டு. ஒலிபெருக்கி ஒரே ஊளையைத் திரும்பத் திரும்பப் போடும். மனிதக் குரலோ வந்த பதிலுக்கு ஏற்ப மாறும். அதைவிட முக்கியம், எங்கே நின்று, எப்போது, எந்தக் காற்றில் கூப்பிட வேண்டும் என்ற அறிவு. அந்த அறிவைக் கொல்லாத வேலைக்குத் திருப்புவதற்கு முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் 1970களில் தடைபட்டபோது வேலையிழந்த இருளர்களுக்காக, 1978ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, மருந்து நிறுவனங்களுக்கு விற்று, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் 13ஐ இரண்டு வாரத்துக்குள் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வேட்டை அறிவை அறிவியலாக்கியதில் இருளர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு நரிக்குறவர்களுக்கும் கிடைக்க வேண்டும். குரல் எடுக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பதிவுசெய்வதும், நரிக் கணக்கெடுப்பில் ஊதியத்தோடு சேர்த்துக்கொள்வதும் வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் தள்ளிப்போடக் கூடாத வேலை.

மற்றவர்கள் செய்யக்கூடியது எளிது. சென்னையின் தெற்கு ஓரத்திலோ வேறெங்கோ இரவில் நரி ஊளை காதில் பட்டால் கைபேசியில் பதிவுசெய்து, இடம், நேரம், திசை ஆகியவற்றைக் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றலாம் அல்லது வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். பதிலுக்கு ஊளையிட்டுப் பார்க்க வேண்டாம்.